வெள்ளை இலைக்கு மருந்து கிடையாது

வாசகர் கேள்விகள்

"மகளிர் குழுக் கடனில் 30 தாய்ச்செடி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி மணிபிளான்ட் வளர்க்கிறேன். பச்சையும் வெள்ளையும் கலந்த ரகம். சில கொடிகளில் நுனி இலைகள் முழு வெள்ளையாக வந்தன. டவுனில் செடிக்கடை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, 'முழு வெள்ளையாக 60 கன்று கொடுங்கள், இரண்டு மடங்கு விலை தருகிறேன்' என்று 3,000 ரூபாய் முன்பணம் தந்தார். வெள்ளை நுனிகளாகப் பார்த்து வெட்டி, 60 பையில் நட்டேன். மூன்று வாரம் நன்றாக இருந்தன. சிலவற்றில் வேர்கூட வந்தது. இப்போது இலை ஓரம் பழுப்பாகி, ஒவ்வொன்றாக வாடி அழுகுகின்றன. பூஞ்சண மருந்து இரண்டு முறை அடித்துவிட்டேன். இது என்ன நோய்? வேறு என்ன மருந்து அடிக்கலாம்?"
– வாசகி, பொள்ளாச்சி வட்டம்.

முதலில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள், சகோதரி. இது நோய் இல்லை. உங்கள் கன்றுகள் பசியால் சாகின்றன.

செடிக்குச் சாப்பாடு மண்ணிலிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். மண்ணிலிருந்து வருவது தண்ணீரும் தாது உப்புகளும்தான். உடம்பு வளரத் தேவையான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் இலைதான் வெயிலை வைத்துத் தயாரிக்கிறது. அந்தச் சமையலைச் செய்வது இலையில் இருக்கும் பச்சையம். வெள்ளை இலையில் பச்சையம் கிடையாது. அடுப்பு இல்லாத சமையலறை மாதிரி. தண்ணீர் ஊற்றினாலும், மண்புழு உரம் போட்டாலும், பஞ்சகவ்யா தெளித்தாலும் அங்கே சமைக்க ஆள் இல்லை.

அப்படியென்றால் தாய்க்கொடியில் இருந்தவரை வெள்ளை நுனி எப்படிச் செழிப்பாக இருந்தது? கீழே இருந்த பச்சை இலைகள் சமைத்து அனுப்பியதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் வெட்டிய அன்றோடு அந்த வரத்து நின்றுபோனது. தண்டுக்குள் கொஞ்சம் சேமிப்பு இருந்திருக்கும். அதை வைத்து மூன்று வாரம் ஓட்டியிருக்கின்றன. வேர் விட்டதும் அந்தச் சேமிப்பில்தான். சேமிப்பு தீர்ந்ததும் ஓரம் கருகி, வலுவிழந்த திசுவில் பூஞ்சணம் ஏறுகிறது. நீங்கள் கண்ணால் பார்த்த அழுகல் உண்மைதான். ஆனால் அது கடைசியில் வந்தது, காரணம் அதுவல்ல. நானும் ஒரு முறை கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு வெள்ளை நுனியைப் போட்டு வைத்திருந்தேன். தண்டு தடிமனாக இருந்ததால் இரண்டு மாதம் தாங்கியது. ஒரு புது இலைகூட விட்டது. அதுவும் வெள்ளை. பிறகு இரண்டுமே போய்விட்டன.

இனி அந்த 60 பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இலையைப் பார்க்க வேண்டாம், தண்டைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், கணுவை ஒட்டிச் சின்னதாக ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டை ஒட்டி மெல்லிய பச்சைக் கோடாவது ஓடினால் பையை வைத்திருங்கள். அடுத்து வரும் துளிரில் பச்சை இருக்க வாய்ப்பு உண்டு. தண்டும் மொட்டும் சுத்த வெள்ளை என்றால் அதற்குத் தண்ணீர் ஊற்றும் நேரமும் வீண். சிலர் வெல்லத் தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும் என்பார்கள். திசு வளர்ப்புக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரைக் கூழில் வெள்ளை நாற்றை உயிரோடு வைக்க முடியும். அங்கே கிருமியே கிடையாது. நம் பையில் வெல்லம் ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும்தான் கொழுக்கும்.

உங்கள் முதல் இழப்பு இதோடு முடியட்டும். கடனுக்கு ஆதாரம் அந்த 30 தாய்ச்செடிகள். இனிப் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

மணிபிளான்ட் கொடியின் வளர்நுனி வெங்காயம் போல அடுக்கடுக்கானது. இந்தக் கலப்பு ரகங்களில் சில அணுக்கள் பச்சையம் செய்யத் தெரிந்தவை, சில தெரியாதவை. இரண்டும் ஒரே நுனியில் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எது இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில் வரும் இலைக்கு அந்த நிறம். நுனி வளர வளர, தெரியாத கூட்டம் முழு இடத்தையும் பிடித்துவிட்டால், அதற்குமேல் வருவதெல்லாம் வெள்ளைதான். தெரிந்த கூட்டம் பிடித்துவிட்டால் எல்லாம் பச்சை. உரம் போட்டோ வெயிலில் வைத்தோ அந்த நுனியை மாற்ற முடியாது. கத்திரிக்கோல் ஒன்றுதான் வழி.

ஒரு கொடியில் ஒரே ஒரு வெள்ளை இலை வந்தால் பதற வேண்டாம், அடுத்தது கலந்து வரலாம். தொடர்ந்து மூன்று இலை சுத்த வெள்ளையாக வந்தால் அந்த நுனி திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி வந்து, பச்சையும் வெள்ளையும் கலந்த இலை எந்தக் கணுவில் இருக்கிறது என்று பாருங்கள். தண்டிலும் இரண்டு நிறமும் கோடு கோடாக ஓட வேண்டும். அந்தக் கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். அங்கிருந்து வரும் பக்கத் துளிர் பெரும்பாலும் கலப்பாக வரும். நீங்கள் ஏற்கெனவே வெள்ளை நுனிகளை வெட்டிய கொடிகளையும் ஒரு முறை பாருங்கள். வெட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் கணுவும் வெள்ளையாகவே இருந்தால், இன்னும் இரண்டு கணு இறங்கி வெட்ட வேண்டும். வெட்டும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு எடுக்கும்போது ஒரு கணு, ஒரு இலை போதும். ஆனால் அந்த இலையில் பாதியாவது பச்சை இருக்கட்டும். வெள்ளை அதிகமுள்ள இலை அழகுதான், வேர் விடும் வேகமோ பாதி. தென்னைநார்க் கழிவில் நடுகிறீர்கள் என்றால், அதை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி உப்பை இறக்கிய பிறகு பயன்படுத்துங்கள். கோடை உச்சத்தில், காற்று காய்ந்து கிடக்கும்போது வெட்டாதீர்கள். மழை தொடங்கி ஈரப்பதம் ஏறிய பிறகு நட்டால் சேதம் குறையும்.

முன்பணத்துக்கு வருகிறேன். கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த 60 கன்றும் ஒரு வாரம் முன்னால் அவர் கைக்குப் போயிருந்தால், செடி கடையில் செத்திருக்கும். அல்லது அவரிடம் வாங்கிய வீட்டில் செத்திருக்கும். அடுத்த முறை உங்கள் செடியை யார் வாங்குவார்கள்? அவரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். கொடுக்கக்கூடியதாக உங்களிடம் ஒன்று இருக்கிறது. வெள்ளை நுனியை வெட்டாமல், கீழே நாலைந்து நல்ல பச்சை இலைகளோடு சேர்த்து முழுக்கொடியாகத் தொட்டியில் கொடுக்கலாம். பார்க்கவும் எடுப்பாக இருக்கும், உயிரோடும் இருக்கும். விலையும் கூடுதலாகக் கேட்கலாம். 'கீழே உள்ள பச்சையை வெட்டாதீர்கள்' என்று ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் செருகிவிடுங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே உங்களுக்கு லாபம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைக் கன்றுக்குப் பக்கத்தில் பச்சைக் கன்று ஒன்றை அதே தொட்டியில் நட்டுவிட்டால் அது சோறு போடும் என்று நினைக்க வேண்டாம். ஒரே தொட்டியில் இருந்தாலும் அவை தனித்தனிக் குடும்பம். தண்டு ஒன்றாக இருந்தால்தான் சாப்பாடு போகும். கடைகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டையோடு 'மூன் கேக்டஸ்' விற்கிறார்களே, அது இந்த வழியில்தான் பிழைக்கிறது. மேலே உள்ள உருண்டையில் பச்சையம் இல்லை. 1940-களில் ஜப்பானில் அதைப் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். கீழே இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம். ஒட்டு விட்டுப்போனால் உருண்டை போய்விடும், கீழே உள்ள கள்ளி பிழைத்துக்கொள்ளும்.

வெட்டிப் போட்ட கொடிகளை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். மணிபிளான்ட், டைஃபன்பேக்கியா, சிங்கோனியம் போன்றவற்றின் சாறில் ஊசி போன்ற சுண்ணாம்பு உப்புப் படிகங்கள் உண்டு. வாயும் தொண்டையும் எரிந்து வீங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் தொட்டியை உயரத்தில் வையுங்கள். அதிகம் வெட்டும் நாளில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

"மகள் வெளியூரில் இருந்து 900 ரூபாய்க்கு வாங்கி வந்த செடி. இலை பாதி வெள்ளை, பாதி பச்சை. வீட்டுக்குள் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறோம். தினமும் தண்ணீர் ஊற்றியும் வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது. சில புது இலைகள் முழுப் பச்சையாக வருகின்றன. எந்த உரம் கொடுக்கலாம்?"
– வாசகர், மணப்பாறை.

தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் தப்பு. பாதி இலை வேலை செய்யாத செடி மெதுவாகத்தான் வளரும், தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும், தொட்டியின் அடியில் வழியும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள். உங்கள் பக்கம் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்தால், அந்த உப்பு முதலில் வெள்ளைப் பகுதியின் ஓரத்தில்தான் தெரியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். முழுப் பச்சைச் செடி மங்கிய மூலையிலும் தாக்குப்பிடிக்கும். பாதி வெள்ளைச் செடிக்கு, மிச்சமிருக்கும் பாதிப் பச்சை முழு வீட்டுக்கும் சமைக்க வேண்டும். அதனால் அதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பட்டால் வெள்ளைப் பகுதி கருகும். கிழக்குத் திண்ணையில் காலை ஒன்பது மணி வரை வரும் வெயில் நல்லது. மதியம் செடிக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள். கை நிழல் மங்கலாக விழுந்தால் வெளிச்சம் சரி. கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம், விழவே இல்லை என்றால் போதாது.

முழுப் பச்சைத் துளிர்களை விட்டுவைக்காதீர்கள். பச்சைக் கிளைக்குச் சமைக்கும் பலம் அதிகம், மங்கிய இடத்தில் இன்னும் வேகமாக முந்தும். ஒரு வருடத்தில் நீங்கள் 900 ரூபாய்க்கு வாங்கியது 50 ரூபாய்ச் செடியாகிவிடும். கலப்பு இலை உள்ள கணு வரை இறங்கி வெட்டிவிடுங்கள். உரம் மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். கருகிய ஓரத்தைக் கத்திரித்துக்கொள்ளலாம், ஆனால் பச்சை மிச்சமிருக்கும் இலையை முழுதாகப் பறிக்காதீர்கள்.

"மஞ்சள் ஓரம் போட்ட ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டேன். 20 கன்று வந்தது. ஒன்றில்கூட மஞ்சள் ஓரம் இல்லை. இலை மாறிவிட்டதா?"
– வாசகி, ஓமலூர்.

இலை மாறவில்லை. நம்மூர் மருள் இனத்தைச் சேர்ந்த செடி இது. மஞ்சள் ஓரம் என்பது இலையின் வெளி அடுக்கில் மட்டும் உள்ள குணம். இலைத் துண்டிலிருந்து புதுக்கன்று கிளம்பும்போது உள்ளே இருக்கும் பச்சை அணுக்களிலிருந்து கிளம்புகிறது, ஓரம் அதோடு வருவதில்லை. மஞ்சள் ஓரம் வேண்டும் என்றால் தூரைப் பிரித்து, கிழங்கோடு நடுங்கள். அந்த 20 கன்றையும் தூக்கி எறிய வேண்டாம். பச்சை ஸ்நேக் பிளான்ட் என்று சொல்லி விற்கலாம், அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

"எங்கள் வாசலில் அந்திமந்தாரைச் செடி ஒன்றில் வெள்ளைத் திட்டு போட்ட இலைகள் வந்துள்ளன. விதை எடுத்துப் போட்டால் அப்படியே வருமா?"
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி.

நல்ல கேள்வி கேட்டாய், அம்மா. இதே செடியை வைத்து இதே கேள்வியை ஜெர்மனியில் கார்ல் காரன்ஸ் என்ற விஞ்ஞானி கேட்டு, 1909-ல் பதிலை வெளியிட்டார். திட்டு போட்ட அந்திமந்தாரையில் சில கிளை முழுப் பச்சையாகவும், சில கிளை முழு வெள்ளையாகவும், மற்றவை கலப்பாகவும் இருக்கும். பச்சைக் கிளையில் எடுத்த விதை பச்சை நாற்றையே கொடுத்தது. வெள்ளைக் கிளையில் எடுத்த விதை வெள்ளை நாற்றையே கொடுத்தது, அவை முளைத்துச் செத்துப்போயின. கலப்புக் கிளை விதையில் மூன்று விதமும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது முக்கியமாகவே இல்லை, விதை பிடித்த கிளைதான் முக்கியம். காரணம், பச்சையம் இருக்கும் நுண்பைகள் இந்தச் செடியில் தாய் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகின்றன.

நீயும் செய்து பார்க்கலாம். மூன்று கிளைக்கும் மூன்று நிற நூல் கட்டி, கறுத்த விதையைத் தனித்தனிப் பொட்டலத்தில் சேர்த்து வை. மூன்று தொட்டியில் விதைத்து, என்னென்ன நிறத்தில் எத்தனை முளைத்தன என்று எழுதி அனுப்பு. விதையை வாயில் வைக்காதே, அது விஷத்தன்மை உள்ளது.

"நெல் நாற்றங்காலில் வெள்ளை வெளேரென்று சில நாற்றுகள் முளைத்திருக்கின்றன. விதை கெட்டதா? கடையில் சொன்னால் நுண்ணூட்டம் வாங்கிப் போடச் சொல்கிறார்கள்."
– வாசகர், மன்னார்குடி.

எத்தனை, எங்கே என்பதைப் பாருங்கள். பச்சை நாற்றுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, தண்டு முதல் நுனி வரை வெள்ளையாக இருந்தால் அது பிறவிக் குறை. விதையில் உள்ள மாவு தீரும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு, தானே போய்விடும். மணிபிளான்ட் நுனிக்கு ஆனதுதான் அதற்கும். பணம் செலவழிக்க வேண்டாம்.

ஒரு திட்டு முழுக்க வெளிறி, கீழ் இலை பச்சையாகவும் புது இலை மட்டும் வெளுத்தும், நரம்புக்கு இடையே நிறம் போயும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மேட்டில் போட்ட காய்ச்சல் நாற்றங்காலிலும், சுண்ணாம்பு மண்ணிலும் இது வரும். தண்ணீர் கட்டி நிறுத்தினாலே பாதி சரியாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அன்றன்று கரைத்து அன்றே தெளிக்க வேண்டும், பழுப்பு நிறமாகிவிட்ட கரைசல் உதவாது. இந்த வெளுப்பு பச்சைக்குத் திரும்பும். பிறவி வெள்ளை திரும்பாது.

சென்ற இதழுக்குப் பிறகு கரும்பு விவசாயிகள் இரண்டு பேர் மறுதாம்பில் வெள்ளைத் தூர் வருவதாக எழுதியிருந்தார்கள். அதைப் பிறவிக் குறை என்று விட்டுவிட வேண்டாம். புல் போல மெல்லிசாக நிறையத் தூர் வெடித்து, இலை வெளுத்து, கரும்பு கட்டாமல் நின்றால் அது தொற்று நோய். விதைக்கரணை வழியாகவும் தத்துப்பூச்சி வழியாகவும் பரவும். அந்தக் குத்தை வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். நோய் அதிகம் உள்ள வயலில் மறுதாம்பு விடாதீர்கள், அங்கிருந்து கரணையும் எடுக்காதீர்கள். ஆலைப் பகுதிக் களப்பணியாளரிடம் கேட்டால், கரணையை 50 டிகிரி நீராவிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துத் தரும் வசதி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வார்.